கூரை எத்தனை வருசம் தாங்கும்?

நீளமான பதிவு. காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவனுக்குக் கொஞ்சம் தோப்பு இருக்கிறது. சீசனுக்கு வருகிறவர்கள் தங்க ஆறு குடில் போடலாம் என்று வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். செல்போனில் ஒரு படம் காட்டினான். வட்டமான வெள்ளைக் கூடாரம், நடுவில் அடுப்பு, மேலே புகைபோக்கி. மங்கோலியாக்காரர்கள் குடியிருக்கிற 'யர்ட்'. அவர்கள் மொழியில் 'கெர்'.

"சார், இது எத்தன வருசம் தாங்கும்? எப்படிப் பாத்துக்கிடணும்? நீங்க சரித்திர வாத்தியார்லா, சொல்லுங்க" என்றான்.

சரித்திர வாத்தியார் என்றால் மங்கோலியாவில் குடியிருந்தவன் என்று நினைத்துவிட்டான் போல. தெரிந்ததைச் சொன்னேன். பின்னலாகக் கட்டிய மரச் சட்டம், அதன் மேல் ஆட்டு ரோமத்தை அடித்துச் செய்த தடித்த கம்பளி, அதைச் சுற்றிக் கயிறு. வருசத்தில் சில தடவை பிரித்து, வேறு மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவார்கள். மரச் சட்டம் ஒழுங்காக வைத்திருந்தால் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். கம்பளியைத்தான் நைந்த இடம் பார்த்து மாற்ற வேண்டும். இந்தக் கைத்தொழிலை 2013-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மழை குறைவு, காற்று வறண்டது, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். கம்பளி ஈரம் பிடிக்காமல் நிற்பதற்கு அதுதான் காரணம். நம் ஐந்தருவியில் ஆனி பிறந்தால் ஆவணி வரை சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் காயாத ஊரில் கம்பளி வீடு பூசணம் பூத்துப் போகும்.

அவன் முகம் வாடிவிட்டது. "அப்பம் ஓலைக் குடில் போடலாமா சார்? அது எத்தன வருசம் தாங்கும்?" என்றான்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். நான் பிறந்ததே பனையோலைக் கூரைக்குக் கீழேதான். ஆனால் அன்றைக்கு முழுப் பதிலையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ஓலைக் கூரை என்றால் ஏழை வீடு என்று இன்றைக்கு நினைக்கிறோம். நம் கட்டடக் கலைக்கே தாய் அதுதான். பெரும்பாணாற்றுப்படையில் ஈச்ச இலை வேய்ந்த எயினர் குடிசையும் வருகிறது, வரகு வைக்கோல் வேய்ந்த முல்லை நிலத்து வீடும் வருகிறது. எந்த ஊரில் எது கிடைத்ததோ அதுவே கூரை. மாமல்லபுரம் சுற்றுலாவுக்கு உங்களை அழைத்துப் போனபோது திரௌபதி ரதத்தின் முன்னால் நிறுத்தி, "இது என்ன சொல்லு" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? கோயில், தேர் என்று எல்லாரும் ஏதேதோ சொன்னீர்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும், "எங்க ஆச்சி வீடு சார்" என்றாள். அவள்தான் சரி. வளைந்து இறங்குகிற கூரையோடு ஒரு குடிசையை அப்படியே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பல்லவச் சிற்பி பார்த்த ஓலைக் குடிசை அவன் காலத்திலேயே மக்கிப் போயிருக்கும். அதைப் பார்த்துச் செதுக்கிய கல் 1300 வருசம் தாண்டி நிற்கிறது.

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். சொந்தக்காரர்களுக்குத் தெரியும், இப்போது பெரியப்பா மகன் மாடி வீடு கட்டியிருக்கிற அதே மனைதான். மண் சுவர், பனங்கை, பனையோலை. வீட்டுக்கு எஜமானி என் ஆச்சி. பள்ளிக்கூடம் போகாதவள். கூரை விஷயத்தில் அவள் சொன்னதற்கு மேல் பேச்சு கிடையாது.

முதலில் மரம். வயதான பனையாக இருக்க வேண்டும். இளம்பனையில் வைரம் பாய்ந்திருக்காது, சோறுதான் அதிகம். அதைக் கைமரமாகப் போட்டால் இரண்டே வருசத்தில் உளுத்துக் கொட்டும். முற்றிய பனையைப் பிளந்து, உள்சோற்றைச் செதுக்கி எடுத்துவிட்டால் கறுத்த வைரம் மட்டும் நிற்கும். அது கரையானுக்குப் பல் உடைகிற சாமான். ஊன்றுகால் மண்ணுக்குள் போகிற இடத்தை நெருப்பில் வாட்டிக் கரியாக்கி நடுவார்கள். வசதி இருந்தால் குத்துக்கல் மேல் நிறுத்துவார்கள். மரம் நன்றாக அமைந்துவிட்டால் இரண்டு தலைமுறைக்குக் கவலை இல்லை. எங்கள் வீட்டுப் பனங்கை தாத்தாவின் அப்பா போட்டது. வீட்டைப் பிரித்தபோது எடுத்துத் தொழுவத்துக்குப் போட்டோம். இன்றைக்கும் இருக்கிறது.

ஓலைதான் மாறிக்கொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் வெட்ட வேண்டும். ஒரு பனையில் பத்துப் பன்னிரண்டு ஓலைக்கு மேல் கழித்தால் மரம் நொந்துபோகும் என்பாள் ஆச்சி. குருத்தோலை ஆகாது. வெட்டின ஓலையை விரித்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கல்லைப் பாரம் வைத்து விடுவார்கள். சில நாளில் அப்பளம் மாதிரி தட்டையாகிவிடும். எங்கள் வீட்டை மேய எண்ணூறு ஓலை பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டால் எழுபது எண்பது மரம் வேண்டும். எங்களுக்கு இருந்தது பதினெட்டு மரம். மிச்ச ஓலை ஊரார் மரத்தில் இருந்து வரும். அடுத்த வருசம் அவர்கள் வீட்டுக்கு எங்கள் ஓலை போகும். யார் யாருக்கு எத்தனை ஓலை என்பது ஆச்சிக்கு மனப்பாடம். ஓலை கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு கல்யாணப் பேச்சே முறிந்த கதை எங்கள் குடும்பத்தில் உண்டு. அதை இங்கே எழுதினால் அத்தை வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

ஜப்பானில் ஷிரகாவா என்ற மலைக்கிராமம் இருக்கிறது. அங்கேயும் செங்குத்தான புல் கூரைதான். முப்பது நாற்பது வருசத்துக்கு ஒரு முறை மேய்கிறார்கள். ஒரு வீட்டுக் கூரைக்கு ஊரே வந்து நிற்கும். அந்தக் கூட்டு வேலைக்கு 'யுய்' என்று பெயர். 1995-இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. படத்தில் பார்த்தபோது எங்கள் ஊர் ஓலைக் கணக்குதான் ஞாபகம் வந்தது.

மேய்கிற முறை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கீழே இறவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறுவார்கள். ஓலையை வரிச்சில் வைத்து, பனை மட்டையில் உரித்த அகணி நாரால் கட்டுவார்கள். நார் காய்ந்திருந்தால் ஒடியும், அதனால் தண்ணீரில் ஊறப் போட்டுத்தான் கட்ட வேண்டும். மேல் ஓலை கீழ் ஓலையை முக்கால்வாசி மூட வேண்டும். சரிவு நல்ல செங்குத்தாக இருக்க வேண்டும். சிக்கனம் பார்த்துப் படுக்கையாகப் போட்டால் தண்ணீர் வழியாது, குடிக்கும். குடித்த ஓலை மக்கும். கூரையில் முதலில் போவது முகடு. அதனால் முகட்டை மட்டும் வருசா வருசம் பிரித்து மேய்வார்கள்.

எத்தனை வருசம் என்ற கேள்விக்கு ஆச்சியின் கணக்கு இது. கிழக்குச் சரிவு ஆறு வருசம், மேற்குச் சரிவு மூன்று வருசம். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றும் சாரலும் மேற்கே இருந்துதான் அடிக்கும். ஒரே வீட்டில் ஒரு பக்கம் மக்கிக் கருத்திருக்கும்போது இன்னொரு பக்கம் பொன் மாதிரி இருக்கும். அதனால் பாதிப் பாதியாக மேய்வதுதான் வழக்கம். தென்னங்கீற்று என்றால் இதில் பாதிகூடத் தாங்காது. கீற்றைத் தண்ணீரில் ஊறப் போட்டு முடைந்தால் பூச்சி குறையும், அப்படியும் இரண்டு வருசம்தான்.

ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடிக்க ஆச்சி மழைக்குக் காத்திருக்க மாட்டாள். வைகாசி உச்சி வெயிலில் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் மல்லாக்கப் படுப்பாள். ஓட்டை இருக்கிற இடமெல்லாம் வெள்ளி மாதிரி மின்னும். "ஏல, அந்த மூலையில ரெண்டு வெள்ளி, அடுப்படி மேல ஒண்ணு" என்று சொல்வாள். நான் வெளியே ஏணியில் நிற்பேன். அவள் உள்ளே இருந்து கம்பால் குத்திக் காட்டுவாள். நான் அந்த இடத்தில் புது ஓலையைச் செருக வேண்டும். என் முதல் பாடமே அதுதான்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அடுப்புப் புகை கூரைக்கு மருந்து. தினமும் புகை ஏறினால் பூச்சி அண்டாது, ஈரம் நிற்காது. அடுப்படிக்கு மேலே இருக்கிற ஓலை கறுத்து, மற்ற இடத்தை விட அதிக நாள் வரும். கேஸ் அடுப்பு வந்த பிறகு ஓலை வீடுகள் சீக்கிரம் மக்கிப் போனதற்கு இது ஒரு காரணம். யாரும் குடியிராமல் பூட்டிப் போட்ட ஓலை வீடு இரண்டே மழையில் போய்விடும்.

ஆனால் மருந்தாக இருக்கிற அதே அடுப்புதான் எமனும். அடுப்படியை வீட்டுக்குக் கிழக்கே போட வேண்டும் என்பது ஆச்சியின் கட்டளை. ஆடிக் காற்று மேற்கே இருந்து அடித்தால் பொறி வீட்டை விட்டு வெளியே போகும். மேற்கே போட்டால் பொறி வீட்டுக்கு மேலே வரும். இது வாஸ்து இல்லை, காற்றுக் கணக்கு. நெல்லும் பாத்திரமும் வைக்கிற அறைக்கு மட்டும் பனஞ்சட்டம் அடுக்கி மேலே மண் பூசிய மச்சு இருக்கும். கூரை எரிந்தாலும் மச்சுக்குக் கீழே இருப்பது தப்பிக்கும்.

இந்த இடத்தில் சரித்திரம் கொஞ்சம் கசப்பாக இருக்கும். எல்லாரும் விருப்பப்பட்டு ஓலைக்குக் கீழே இருக்கவில்லை. திருவிதாங்கூரில் ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதியார் ஓடு வேயக் கூடாது என்ற கட்டுப்பாடே இருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்த ராஜ்யத்தோடு இருந்த ஊர் என்பதை மறக்க வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒதுங்கினார்கள். 44 பேர் அதற்குள்ளேயே எரிந்து போனார்கள். ஓலை வீட்டைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும். குடிசைகளை மாற்ற 1970-இல் வாரியம் வந்தது. 2010-இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். 2024-இல் மறுபடி ஒரு திட்டம், 2030-க்குள் 8 லட்சம் வீடு. எங்கள் ஊரில் அப்படி வீடு கிடைத்த ஒரு அம்மா, "வாத்தியாரே, மழைக்கு எந்திரிச்சு சட்டி வைக்காமத் தூங்குறேன்" என்றார். வெக்கையைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

இனி சொல்லப் போவதை என் மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1981-இல். எந்தப் பள்ளிக்கூடம் என்று இங்கே வேண்டாம், அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். கட்டடம் போதாமல் ஆறாம் வகுப்புக்கு ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். 1982 ஜூலை 1-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. சமையலுக்கு அவசரமாக ஒரு கீற்றுக் கொட்டகை வேண்டும். இடம் இருந்தது வகுப்புக் கொட்டகைக்கு மேற்கே. அங்கேயே போட்டார்கள். கால்கோள் போடும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். அடுப்பு மேற்கே, பிள்ளைகள் கிழக்கே. ஆச்சியின் கணக்கு எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், பெரியவர்கள் முடிவு செய்த இடம், நாம் எதற்குப் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். அப்புறம் அது பழகிப் போயிற்று.

1996 ஆடியில் ஒரு நாள் மதியம் நல்ல காற்று. சரித்திரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொட்டகைக்குள் ஓலை வாசம் மாறியது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் கறுத்து, ஓரத்தில் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. சமையல்கார அம்மா அரிசி கழுவின தண்ணீரோடு அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி ஊற்றினோம். அணைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சாயங்காலம் அந்த ஓட்டையில் நானே நாலு ஓலையைச் செருகினேன். அதோடு விட்டுவிட்டோம். எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. அடுப்பையும் மாற்றவில்லை. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் 46 பிள்ளைகள் இருந்தார்கள். வருகைப் பதிவேட்டில் பிறகு எண்ணிப் பார்த்தேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். கல்யாண மண்டபத்து ஓலைப் பந்தலில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கு மேல். 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுச் சமையலறையில் இருந்து கிளம்பிய தீ, மாடிக் கீற்றுக் கொட்டகைக்குத் தாவி, 94 குழந்தைகள். அன்றைக்கு ஆடி பிறக்கிற நேரம், அதுவும் பள்ளிக்கூட வேளை. ஆசிரியர் அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் வெளியே போய் எங்கள் கொட்டகையைப் பார்த்தேன். மேற்கே அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

பள்ளிகளில் ஓலைக் கூரை கூடாது என்று அரசாங்க உத்தரவு வந்தது. எங்கள் கொட்டகையை இரண்டே நாளில் பிரித்துப் போட்டார்கள். நான் செருகிய நாலு ஓலையும் அந்தக் குவியலில்தான் கிடந்திருக்கும். புதுக் கட்டடம் வருகிற வரை ஆறாம் வகுப்பு வேப்பமரத்தடியில் நடந்தது. அந்த வருசத்துப் பிள்ளைகள், "சார் ரொம்ப நல்லவர், வகுப்பை மரத்தடியில் நடத்தினார்" என்று இன்றைக்கும் சொல்கிறீர்கள். காரணம் இதுதான்.

ஆகவே தோப்புக்காரத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இரண்டு பகுதி. சாரல் அடிக்கிற ஐந்தருவியில் பனையோலை மேற்கே இரண்டு வருசம், கிழக்கே நாலு வருசம் என்று வைத்துக்கொள். எங்கள் ஊரை விட அங்கே ஈரம் அதிகம், மரநிழலும் அதிகம். கூரை மேல் கிளை சாயக் கூடாது, விழுகிற சருகை வாரம் ஒரு தடவை தள்ள வேண்டும், பாசி பிடித்தால் அந்த ஓலையை எடுத்துவிட வேண்டும். புது ஓலையைப் பழைய மக்கின ஓலை மேலேயே போட்டு மூடாதே. பாரமும் ஏறும், உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. முகட்டுக்கு வருசா வருசம் பணம் ஒதுக்கு. வங்கிக்குக் கொடுத்த கணக்கில் கூரைக்கு ஒரே ஒரு தடவைதான் செலவு காட்டியிருந்தான். அதைத் திருத்தச் சொன்னேன்.

இரண்டாவது, ஓலைக்குக் கீழே ஆளைத் தூங்க வைக்காதே. வருகிறவன் வெளியூர்க்காரன். கொசுவத்திச் சுருள் கொளுத்துவான், சிகரெட் பிடிப்பான், செல்போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவான். அவனுக்குக் காற்றுக் கணக்கு தெரியாது.

"அப்பம் ஓலையே வேண்டாங்கியளா சார்?" என்று கேட்டான்.

வேண்டும் என்றுதான் சொன்னேன். நாலு பக்கமும் திறந்த ஒரு சாப்பாட்டுக் கொட்டகை போடு. சமையல் தனியாக, கிழக்கே, ஓட்டுக் கட்டடத்தில். படுக்கிற அறைக்கு ஓடு போதும். ஒயர் எதுவும் ஓலையைத் தொடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியும் வாளியும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோயிலைப் பழுது பார்க்கிறவர் யாரோ அவர் காலில் விழுகிறேன் என்ற பொருளில் கல்லில் வெட்டி வைத்தான். கோபுரம் இரண்டாகப் பிளந்து மொட்டையாக நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1990-இல்தான் அது மறுபடி எழுந்தது. கல்லில் கட்டிய ராஜாவே கெஞ்சியிருக்கிறான் என்று இதையும் அவனிடம் சொன்னேன். "கல்லுக்கே இந்தப் பாடுன்னா ஓலைக்குக் கேக்கணுமா சார்" என்று சிரித்தான்.

நேற்று போன் செய்தான். கடன் கணக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டானாம். ஆறு குடில் நாலாகக் குறைந்துவிட்டது, எல்லாம் ஓட்டுக் கூரை. ஒரே ஒரு ஓலைக் கொட்டகை. சுரண்டைப் பக்கம் ஒரு பெரியவரைப் பிடித்திருக்கிறான். வயது எழுபதுக்கு மேல். மகன் ஆட்டோ ஓட்டுகிறார், அவருக்கு இந்த வேலை தெரியாதாம். பெரியவரால் ஏணி ஏற முடியாது, கீழே நின்று சொல்வாராம், இரண்டு பையன்கள் மேலே ஏறுவார்களாம். சித்திரைக் கடைசியில் ஓலை வெட்டுகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறான். உச்சி வெயிலில் உள்ளே மல்லாக்கப் படுத்து வெள்ளி எண்ண ஒரு ஆள் வேண்டுமாம்.

உங்கள் வீட்டில் கூரை மேய்ந்த பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு, எத்தனை வருசத்துக்கு ஒரு தடவை மேய்ந்தார்கள், எந்தப் பக்கம் முதலில் போனது, என்ன நார் கட்டினார்கள் என்று கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் மறக்காமல் போடுங்கள். 1996-இல் அந்த ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.